தீர்ப்புக்கு முந்திய தண்டனை

ஒருவன் திருடுகிறான். கோர்ட்டார் விசாரித்து அவனுக்கு ஒன்றரை வருஷக் கடுங்காவல் விதிக்கிறார்கள். அவன் சிறையிலிருந்து வெளிவந்து பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டால், நமது தேசத்துச் சட்டப்படி அந்தத் தண்டனையைக் காரணங் காட்டி அதை மறுக்க இடமில்லை. மற்றொருவன் ஊருக்குக் குடிதண்ணீர் கேட்டு நூறு பேரோடு சாலையில் உட்காருகிறான். போலீஸார் அவன்மீது வழக்குத் தொடுக்கிறார்கள். வழக்கு வாய்தாவுக்குமேல் வாய்தாவாக வருஷக்கணக்கில் நீளுகிறது. அவன் குற்றவாளி என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. ஆயினும் அவன் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டால் சட்டம் குறுக்கே வந்து நிற்கிறது.

இது வாதத்துக்காக நாம் இட்டுக்கட்டிய விநோதமன்று. 1967-ம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டத்தின் 6-வது பிரிவைப் படித்துப் பார்க்கும் எவரும் இந்த முடிவுக்கே வருவர். தண்டனை பெற்றவனுக்கு ஒரு கெடு உண்டு. குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கெடுவே இல்லை. குற்றவாளி என்று தீர்ப்பாகும் வரையில் ஒவ்வொரு மனிதனும் நிரபராதியே என்பது நமது நீதி முறையின் அடிப்படை. அந்த அடிப்படையைத் தலைகீழாக்கும் சட்டமொன்று அரை நூற்றாண்டுக்கு மேலாக அமுலில் இருந்து வருகிறது. அயல் நாட்டில் உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்ற நினைக்கும் இளைஞர்களையும், பொதுக் காரியங்களில் இறங்கி வழக்குகளுக்கு ஆளான தொண்டர்களையும் இது நேராகப் பாதிப்பதால், இதைச் சற்று விரிவாக ஆராய்வது நமது கடமையாகும்.

உரிமை பிறந்த வரலாறு

பிரஜை ஒருவன் தன் தேசத்தை விட்டு வெளியே போவதும் திரும்பி வருவதும் அவனுடைய உரிமையா, அல்லது சர்க்கார் மனமிரங்கிக் கொடுக்கும் சலுகையா? சுதந்திரம் வந்து இருபது வருஷங்கள் வரையில் இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. பாஸ்போர்ட் கொடுப்பதை முறைப்படுத்தும் சட்டம் எதுவும் அப்பொழுது கிடையாது. உத்தியோகஸ்தர் விரும்பினால் கொடுத்தார், விரும்பாவிட்டால் மறுத்தார், கொடுத்ததைத் திருப்பியும் கேட்டார்.

அவ்விதம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கும்படி 1966-ம் வருஷம் உத்தரவு பெற்ற சத்வந்த் சிங் சாஹ்னி என்ற வியாபாரி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அவர் ஒன்றும் அரசியல் தியாகியல்லர். இறக்குமதி லைசென்ஸ் நிபந்தனைகளை மீறினார் என்று அவர்மீது விசாரணை நடந்து வந்தது. வெளிநாடு சென்றால் விசாரணைக்குத் திரும்பமாட்டார் என்பதே சர்க்காரின் பயம். 10-4-1967-ல் பிரதம நீதிபதி சுப்பா ராவும் வேறு இரு நீதிபதிகளும் சேர்ந்து, வெளிநாடு செல்லும் உரிமை அரசியல் சாஸனத்தின் 21-வது விதியிலுள்ள தனி மனித சுதந்திரத்தின் ஓர் அம்சமே என்றும், சட்டமில்லாமல் அதைப் பறிக்க முடியாதென்றும் தீர்ப்பளித்தார்கள். மற்ற இரு நீதிபதிகள் இதற்கு மாறான அபிப்பிராயம் கொண்டனர். ஐவரில் மூவர் என்ற அந்தப் பெரும்பான்மையினால்தான் இவ்வுரிமை நமக்குக் கிடைத்தது. குற்றச் சாட்டுக்கு ஆளான ஒருவருடைய வழக்கிலேயே அது கிடைத்தது என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

சட்டமில்லாமல் பறிக்கக் கூடாது என்றார்கள் நீதிபதிகள். உடனே சர்க்கார் சட்டம் செய்தார்கள். அதே 1967-ம் வருஷம் ஜூன் மாதம் பாஸ்போர்ட் சட்டம் நிறைவேறிற்று. பத்து வருஷங்களுக்குப் பின், மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைப் பொது நலனை முன்னிட்டுப் பிடித்து வைத்துக்கொண்டு, காரணத்தைச் சொல்லவும் சர்க்கார் மறுத்த வழக்கில், 25-1-1978-ல் சுப்ரீம் கோர்ட் மேலும் ஒரு படி முன்னேறியது. சட்டம் ஒன்று இருந்தால் மட்டும் போதாது. அது காட்டும் முறை நியாயமாகவும் நேர்மையாகவும் தர்க்கத்துக்கு ஒத்ததாகவும் இருக்க வேண்டும் என்று ஏழு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு கூறிற்று. இந்த உரைகல்லில் பாஸ்போர்ட் சட்டத்தின் 6-வது பிரிவை உரைத்துப் பார்ப்போம்.

சட்டம் சொல்வது என்ன?

பாஸ்போர்ட்டை மறுப்பதற்குரிய காரணங்கள் அப்பிரிவில் வரிசையாகக் கூறப்பட்டிருக்கின்றன. அவற்றில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஷரத்துக்கள் நமது ஆராய்ச்சிக்கு உரியவை. முதலாவது, தண்டனை பெற்றவர்களைப் பற்றியது. மனுச் செய்வதற்கு முந்திய ஐந்து வருஷங்களுக்குள், ஒழுக்கக் கேடான ஒரு குற்றத்துக்காக, இரண்டு வருஷத்துக்குக் குறையாத சிறைத் தண்டனை பெற்றிருந்தால்தான் அது பொருந்தும். ஐந்து வருஷம், ஒழுக்கக் கேடு, இரண்டு வருஷத் தண்டனை என்னும் மூன்று நிபந்தனைகளும் ஒருங்கே இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஷரத்து பொருந்தாது. ஐந்து வருஷம் கழிந்துவிட்டால் பழைய தண்டனையைக் கிளறிப் பார்க்கச் சட்டம் விரும்பவில்லை. இது கண்ணியமான ஏற்பாடு. தவறு செய்தவனும் திருந்தி வாழலாம் என்ற நம்பிக்கை இதில் தொனிக்கிறது. இதை நாம் குறை கூறவில்லை.

இரண்டாவது ஷரத்து, விசாரணையில் இருப்பவர்களைப் பற்றியது. மனுதாரர் செய்ததாகச் சொல்லப்படும் ஒரு குற்றம் சம்பந்தமாக இந்தியாவிலுள்ள கிரிமினல் கோர்ட் ஒன்றில் நடவடிக்கை நிலுவையில் இருந்தால், பாஸ்போர்ட் மறுக்கப்பட வேண்டும். அவ்வளவுதான். எத்தகைய குற்றம் என்ற கேள்வி இல்லை. ஒழுக்கக் கேடானதா என்ற கேள்வி இல்லை. எவ்வளவு தண்டனைக்குரியது என்ற கேள்வி இல்லை. எத்தனை வருஷமாக நிலுவையில் இருக்கிறது, யாருடைய தவறினால் இருக்கிறது என்ற கேள்வியும் இல்லை. கொலை வழக்கும் தெருக் கூட்ட வழக்கும் இந்த ஷரத்தின் கண்களுக்கு ஒன்றே.

சட்ட விரோதமான கூட்டத்தில் சேர்ந்ததற்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் சரி, 1-7-2024 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையிலும் சரி, உச்ச தண்டனை ஆறு மாதம். வழி மறித்ததற்கு ஒரு மாதம். இக் குற்றங்களுக்காக ஒருவன் விசாரிக்கப்பட்டு, அவன்மேல் சிறிதும் இரக்கமில்லாத மாஜிஸ்திரேட் உச்ச தண்டனையையே விதித்தாலும், முதல் ஷரத்தின்படி பாஸ்போர்ட்டுக்குத் தடையில்லை. விசாரணை முடியாமல் இருக்கும்பொழுது மட்டும் தடையுண்டு! தண்டனை கிடைத்தால் விடுதலை, கிடைக்காத வரையில் சிறை என்பது போன்ற இந்த நிலைமையை எந்தத் தர்க்க சாஸ்திரத்தால் நியாயப்படுத்த முடியும்?

2021-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் சுப்ரீம் கோர்ட் முன் வந்த வழக்கு ஒன்று இந்த முரண்பாட்டை நன்கு விளக்குகிறது. சி.பி.ஐ. தொடுத்த வழக்கில் தண்டனை பெற்று, ஹைக்கோர்ட்டில் அந்தத் தண்டனை ஒரு வருஷமாகக் குறைக்கப்பட்டு, மேற்கொண்டு அப்பீல் செய்திருந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அதிகாரிகள் மறுத்தார்கள். தண்டனை இரண்டு வருஷத்துக்குக் குறைவாக இருப்பதால் முதல் ஷரத்து பொருந்தாது. விசாரணை முடிந்துவிட்டதால் இரண்டாவது ஷரத்தும் பொருந்தாது. ஆகவே புதுப்பித்துக் கொடுக்க வேண்டும் என்று கோர்ட் உத்தரவிட்டது. தீர்ப்பு முற்றிலும் சரியானது. ஆனால் அதன் பொருளை எண்ணிப் பாருங்கள். இரண்டு கோர்ட்டுகளில் குற்றவாளி என்று முடிவான மனிதருக்குக் கிடைப்பது, ஒரு கோர்ட்டிலும் குற்றவாளி என்று முடிவாகாத மனிதருக்குக் கிடைப்பதில்லை. பிழை நீதிபதிகளிடம் இல்லை, சட்டத்தில் இருக்கிறது.

ஒரு வருஷப் பாஸ்போர்ட்

இந்த ஷரத்தின் கடுமையைத் தணிக்க வழி செய்யப்படவில்லையா என்று கேட்கலாம். செய்யப்பட்டிருக்கிறது. 25-8-1993-ல் சர்க்கார் வெளியிட்ட அறிவிப்பின்படி, வழக்கு நிலுவையில் உள்ளவர் அந்தக் கோர்ட்டிலேயே மனுச் செய்து, தேசத்தை விட்டுச் செல்ல அனுமதி உத்தரவு பெற்று வந்தால் பாஸ்போர்ட் கொடுக்கப்படும். கோர்ட் எவ்வளவு காலம் குறிப்பிடுகிறதோ அவ்வளவு காலத்துக்கு அது செல்லும். பாஸ்போர்ட்டின் காலமும் பிரயாணத்தின் காலமும் உத்தரவில் குறிப்பிடப்படாமல் இருந்தால், ஒரே வருஷத்துக்குத்தான் செல்லும். கோர்ட் அழைக்கும்பொழுது ஆஜராவதாக எழுதிக் கொடுக்கவும் வேண்டும்.

கதவு திறந்திருப்பது உண்மையே. ஆனால் அதற்குள் நுழைய எத்தனை படிகள்! வக்கீல் வைக்க வேண்டும். மனுப் போட வேண்டும். போலீஸாரின் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். கீழ்க் கோர்ட்டில் மறுக்கப்பட்டால் ஹைக்கோர்ட்டுக்கு ஓட வேண்டும். நான்கு ஊர்களில் நான்கு வழக்குகள் இருந்தால் நான்கு கோர்ட்டுகளிலும் இதே வேலை. இவ்வளவும் செய்து ஒரு வருஷப் பாஸ்போர்ட் கையில் கிடைத்த பின்பு என்ன நடக்கிறது? வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா முதலியவை, உள்ளே வருபவரின் பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதமாவது பாக்கியிருக்க வேண்டுமென்று கேட்கின்றன. ஆகவே ஒரு வருஷப் பாஸ்போர்ட் உண்மையில் ஆறு மாதப் பாஸ்போர்ட்டே. விசா வாங்குவதற்குள் அதிலும் பாதி போய்விடும். இரண்டு வருஷ ஒப்பந்தத்துக்கு ஆள் தேடும் முதலாளி இப்படிப்பட்டவரை ஏறெடுத்தும் பாரார். மற்றப் பிரஜைகளுக்குப் பத்து வருஷம் செல்லும் பாஸ்போர்ட் இவருக்கு மட்டும் ஆறு மாதச் சரக்காகிவிடுகிறது.

பணமும் செல்வாக்கும் உள்ளவர் இப்படிகளை ஏறிக் கடந்து விடுவார். கூலிக்குப் போகிறவர் முதற் படியிலேயே உட்கார்ந்து விடுவார். ஒரே சட்டம் பணக்காரனுக்குப் படியாகவும் ஏழைக்குச் சுவராகவும் இருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

இடிந்தகரை காட்டும் பாடம்

நமது கடற்கரையில் நடந்ததைப் பார்ப்போம். கூடங்குளம் அணு உலையை எதிர்த்து 2011-ம் வருஷம் முதல் இடிந்தகரையிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் நடந்த கிளர்ச்சியில், ஆயிரக்கணக்கானவர்கள்மீது வழக்குகள் பதிவாயின. அவற்றில் பல, ராஜத் துவேஷப் பிரிவான 124-ஏ யின் கீழ் வந்தவை. பெயர் தெரிந்த சிலரைக் குறிப்பிட்டு, 'மற்றும் பலர்' என்று சேர்த்துவிடுவது போலீஸாருக்குப் பழக்கமான முறை. அந்த 'மற்றும் பலர்' யார் என்பது பிற்பாடு அவர்கள் இஷ்டத்தைப் பொறுத்தது. கடலிலும் கப்பலிலும் வளைகுடாவிலும் பிழைப்புத் தேடும் அக்கரையோர இளைஞர்கள் பலர் பாஸ்போர்ட் பெறவும் புதுப்பிக்கவும் முடியாமல் தவித்தார்கள். அணு உலை நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். அதில் எக் கட்சியைச் சேர்ந்தவரும், விசாரணையே நடவாத வழக்கு ஒரு கிராமத்தின் வயிற்றில் அடிப்பது நியாயம் என்று சொல்லமாட்டார்.

6-5-2013-ல் அணு உலைக்கு அனுமதி அளித்த அதே தீர்ப்பில், அமைதி திரும்பும் பொருட்டுக் கிளர்ச்சிக்காரர்கள்மீதுள்ள கிரிமினல் வழக்குகளை வாபஸ் பெற முயற்சி செய்ய வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் கூறிற்று. பின்னும் வழக்குகள் முற்றும் ஒழிந்தபாடில்லை. 2021-ம் வருஷத்தில் தமிழ்நாட்டு சர்க்கார், பல கிளர்ச்சிகள் சம்பந்தமான வழக்குகளை வாபஸ் பெறுவதாக அறிவித்தார்கள். அறிவிப்பு வேறு, வாபஸ் வேறு. சர்க்கார் வக்கீல் மனுச் செய்து, கோர்ட் சம்மதித்தால்தான் வழக்கு முடிந்ததாக அர்த்தம். சட்டசபையில் கைதட்டல் கேட்ட நாளுக்கும், கிராமத்து இளைஞன் கையில் கோர்ட் உத்தரவின் நகல் கிடைக்கும் நாளுக்கும் இடையே உள்ள தூரம் நீண்டது. அந்த இடைவெளி முழுவதிலும் இரண்டாவது ஷரத்து காவல் நிற்கிறது.

இது ஒரு கடற்கரையின் கதை மட்டுமன்று. 2024-ம் வருஷத்தில் நமது தேசத்துக் கீழ்க் கோர்ட்டுகளில் மூன்று கோடிக்கும் அதிகமான கிரிமினல் வழக்குகள் நிலுவையில் இருந்தன. இவற்றின் தாமதத்துக்குக் குற்றம் சாட்டப்பட்டவன் மாத்திரமா பொறுப்பாளி? நீதிபதிகளை நியமியாதது யார்? சாட்சிகளைக் கொண்டு வராதது யார்? சர்க்காரின் தாமதத்துக்குச் சர்க்காரே அபராதம் கட்டாமல், அந்த அபராதத்தைப் பிரஜையின் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

தப்பி ஓடுகிறவர்கள்

எதிர்க் கட்சியின் வாதத்தையும் நாம் ஒதுக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லோருக்கும் பாஸ்போர்ட் கொடுத்தால், அவர்கள் தேசத்தை விட்டு ஓடிவிட மாட்டார்களா? ஓடினவர்களைத் திருப்பிக் கொண்டு வருவது எவ்வளவு கஷ்டம்! இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் உண்மையில் ஓடினவர்கள் யார் என்று பார்த்தால், இந்த ஷரத்தின் பயன் எவ்வளவு என்பது வெளிப்படும்.

விஜய் மல்லையா 2-3-2016-ல் தேசத்தை விட்டுப் புறப்பட்டார். அவர் அப்பொழுது ராஜ்ய சபை அங்கத்தினர். கையில் ராஜதந்திரிகளுக்குரிய பாஸ்போர்ட் இருந்தது. 2015-ம் வருஷம் அக்டோபரில் அவரைத் தடுத்து நிறுத்தும்படி சி.பி.ஐ. விடுத்த லுக்-அவுட் நோட்டீஸ், நவம்பரில், தகவல் மட்டும் கொடுத்தால் போதும் என்று மாற்றப்பட்டிருந்தது. அவர் போய்ச் சேர்ந்த பின், ஏப்ரல் மாதத்தில், பாஸ்போர்ட் ரத்தாயிற்று. வைர வியாபாரி நீரவ் மோடி 1-1-2018-ல் புறப்பட்டார். அவர்மேல் பாங்கியின் புகார் போனது அம் மாதத்தின் கடைசியில். இருவரிடமும் பாஸ்போர்ட் முன்பே இருந்தது. இருவரும் கோர்ட்டில் வழக்கு வருவதற்குக் காத்திருக்கவில்லை. ஓட நினைக்கும் பெரிய மனிதன் வழக்கு வருமுன் ஓடுகிறான். வழக்கு வந்த பின், உண்மையைச் சொல்லி மனு எழுதி, வரிசையில் நின்று, கட்டணம் கட்டிப் பாஸ்போர்ட் கேட்கிறவன் ஓடுகிறவன் அல்லன். வலை சிறு மீனைப் பிடிக்கிறது. திமிங்கிலம் வலை விரிப்பதற்கு முன்பே ஆழ்கடலில் இருக்கிறது.

மேலும், ஆசாமியை விசாரணைக்கு இருத்தி வைக்கக் கோர்ட்டுக்கு வேறு வழிகள் இல்லையா? ஜாமீனில் விடும்பொழுது, அனுமதியின்றித் தேசத்தை விட்டுப் போகக் கூடாது என்று நிபந்தனை விதிக்கலாம். ஜாமீன்தாரரிடம் உறுதி வாங்கலாம். வாரண்டு பிறப்பிக்கலாம், வாரண்டு இருந்தால் பாஸ்போர்ட்டை மறுப்பதற்கு அதே 6-வது பிரிவில் தனி ஷரத்து இருக்கிறது. கொடுத்த பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்க 10-வது பிரிவு இருக்கிறது. இவ்வளவு ஆயுதங்களும் ஆளைப் பார்த்து, வழக்கைப் பார்த்து உபயோகிக்கப்படுபவை. கண்ணை மூடிக்கொண்டு எல்லோர்மீதும் பாயும் ஆயுதம் இந்த ஒரு ஷரத்துதான்.

குற்றவாளி என்ற பட்டம்

சட்டத்தில் 'ஒழுக்கக் கேடு' என்ற சொல்லை ஏன் வைத்தார்கள்? குற்றவாளி என்ற பட்டம் எப்பொழுதும் ஒருவனுடைய நடத்தையின் அளவுகோலாகாது என்பதால்தான். சுதந்திரப் போராட்டத்தைக் கண்ட தேசத்துக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1922-ம் வருஷம் மார்ச்சு மாதம் ஆமதாபாத்தில் 124-ஏ பிரிவின் கீழ் ஆறு வருஷத் தண்டனை பெற்ற காந்தியடிகள், 1931-ம் வருஷம் வட்டமேஜை மகாநாட்டுக்காக 'ராஜபுதானா' கப்பலில் லண்டனுக்குப் பிரயாணமானார். தண்டித்த சாம்ராஜ்யமே அவரை வரவேற்று உட்கார வைத்தது. தென்னாப்பிரிக்காவில் நெல்ஸன் மண்டேலாவுக்கு 1962-ம் வருஷம் விதிக்கப்பட்ட ஐந்து வருஷத்தில், இரண்டு வருஷம் பாஸ்போர்ட் இல்லாமல் தேசத்தை விட்டுச் சென்றதற்காகவே விதிக்கப்பட்டது. அவர் அத்தேசத்தின் ஜனாதிபதியாகி ஓய்வு பெற்ற பின்பும், 2008-ம் வருஷம் வரையில் அமெரிக்காவின் பயங்கரவாதிகள் ஜாபிதாவில் அவர் பெயர் இருந்தது. ஏட்டில் ஏறிய பெயர் மனிதனை விட நீண்ட ஆயுளுடையது!

சிறிய குற்றங்களைப் பெரிதாக்கக் கூடாது என்பதை நமது சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. இருபது ரூபாய் அபராதம் கட்டிய பாவத்துக்காக வேலை இழந்த ஹரியானாக்காரர் ஒருவரின் வழக்கில், 1996-ம் வருஷம், அது ஒழுக்கக் கேடான குற்றமன்று என்று கூறி அவருக்கு நியாயம் செய்ததோடு, இரண்டாயிரம் ரூபாய் போன்ற ஓர் எல்லைக்குட்பட்ட அபராதத்தைத் தண்டனையாகவே கருதாதபடி பார்லிமெண்டு வழி செய்யலாமென்றும் யோசனை கூறியது. அந்த யோசனை வந்த வழியே போய்விட்டது.

அயல் நாடுகளின் வாசலில்

பாஸ்போர்ட் கிடைத்தாலும் விசா கொடுப்பது அயல் நாட்டாரின் இஷ்டம். அங்கும் தண்டனையைப் பற்றிக் கேட்கிறார்கள். ஆனால் அவர்கள் அளந்து பார்க்கிறார்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பன்னிரண்டு மாதத் தண்டனையே முக்கிய எல்லைக்கோடு. கனடாவில், தண்டனை முடிந்து ஐந்து வருஷமானால் திருந்தியவர் என்று அங்கீகரிக்கும்படி மனுச் செய்யலாம். அவ்வளவு கடுமையல்லாத ஒரே குற்றமானால் பத்து வருஷத்தில் தானாகவே அந்த நிலை ஏற்படலாம். 'ஒழுக்கக் கேடு' என்ற சொல்லை 1891-ம் வருஷம் முதல் தன் குடியேற்றச் சட்டத்தில் வைத்திருக்கும் அமெரிக்காவும், ஒரு வருஷத்துக்கு மேற்படாத தண்டனைக்குரிய ஒரே குற்றத்தில் ஆறு மாதத்துக்கு மேற்படாத தண்டனை பெற்றவருக்கு விலக்குக் காட்டுகிறது. அன்னியர்கள் நம்மவரை அளந்து பார்க்கும்பொழுது, நமது சர்க்கார் நம்மவரை அளவின்றித் தடுப்பது வெட்கத்துக்குரியது.

வழக்கில் உள்ளவர்களுக்கு

சட்டம் திருந்தும் வரையில், வழக்குகளுக்கு ஆளானவர்கள் தங்கள் உரிமையை அறிந்து நடப்பது அவசியம். முதலாவது, விண்ணப்பத்தில் வழக்கை மறைக்கக் கூடாது. மறைப்பது 12-வது பிரிவின்படி தனிக் குற்றம். இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஒன்றுமில்லாத தெருக் கூட்ட வழக்கை மறைக்கப் போய், உண்மையான குற்றவாளியாக ஆனவர்கள் உண்டு.

இரண்டாவது, போலீஸ் ஸ்டேஷனில் முதல் தகவல் அறிக்கை இருப்பது வேறு. கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருப்பது வேறு. கோர்ட் வழக்கை விசாரணைக்கு ஏற்ற பின்னரே இரண்டாவது ஷரத்து பிறக்கிறது என்று 10-10-2019-ல் வெளிநாட்டு விவகார இலாகாவே தன் அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறது. போலீஸார் வெறும் அறிக்கையைக் காட்டிப் பாதகமாக எழுதினால் இதை எடுத்துக் காட்டலாம். அதோடு, ஒரு வருஷம் வரை தண்டனைக்குரிய குற்றத்தைத் தக்க காரணமின்றி ஒரு வருஷத்துக்குப் பின் கோர்ட் ஏற்கக் கூடாது என்பது கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் காலவரம்பு விதி. குற்றப் பத்திரிகை தாக்கலாகாமல் ஸ்டேஷன் அலமாரியில் தூங்கும் பழைய வழக்குகள் பலவற்றை இவ்விதியைக் கொண்டு ஹைக்கோர்ட்டில் ரத்துச் செய்ய வழியுண்டு.

மூன்றாவது, வழக்கு கோர்ட்டில் இருந்தால், 1993-ம் வருஷத்து அறிவிப்பைக் குறிப்பிட்டு மனுச் செய்யும்பொழுது, 'அனுமதி வேண்டும்' என்று மட்டும் கேட்காமல், 'பத்து வருஷம் செல்லும் பாஸ்போர்ட்டுக்கு அனுமதி வேண்டும்' என்று காலத்தைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். காலம் குறிப்பிடாத உத்தரவே ஒரு வருஷப் பாஸ்போர்ட்டுக்குத் தாய். நான்காவது, தொல்லை தீரட்டும் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுமுன் வக்கீலைக் கலந்து யோசிக்க வேண்டும். நமது தேசத்துப் பாஸ்போர்ட்டுக்கு அது தடையாகாமற் போகலாம். அயல் நாட்டு விசா மனுவில் 'தண்டனை உண்டா?' என்ற கேள்விக்கு ஆயுள் முழுதும் 'உண்டு' என்று எழுத நேரும்.

ஐந்தாவது, போலீஸார் கைப்பற்றிய பாஸ்போர்ட்டைத் தம்மிடமே காலவரையின்றி வைத்துக்கொள்ள அவர்களுக்கு அதிகாரமில்லை. அதைத் தடுத்து வைக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்கே உரியது என்று 2008-ம் வருஷம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. பாஸ்போர்ட் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம், அப்பீல் செய்யலாம், அதற்கும் பலனில்லையானால் ஹைக்கோர்ட் இருக்கிறது.

செய்ய வேண்டியது

இவையெல்லாம் தனித் தனி மனிதர்கள் தனித் தனியே செய்யும் வைத்தியம். நோய் சட்டத்தில் இருக்கும்பொழுது மருந்தும் சட்டத்துக்கே கொடுக்கப்பட வேண்டும். பார்லிமெண்டு செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. தண்டனை பெற்றவனுக்குக் காட்டும் அளவையே குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் காட்டட்டும். ஒழுக்கக் கேடான, இரண்டு வருஷத்துக்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றமாயிருந்தாலன்றி, நிலுவை வழக்கு பாஸ்போர்ட்டுக்குத் தடையாகாது என்று திருத்தட்டும். மற்றக் கடுமையான வழக்குகளிலும், ஐந்து வருஷத்துக்குள் விசாரணை முடியாவிட்டால் தடை தானே நீங்கும் என்று விதிக்கட்டும். பிரயாணத்தைத் தடுக்க வேண்டுமென்று தோன்றும் வழக்கில், சர்க்கார் கோர்ட்டுக்கு வந்து காரணம் காட்டித் தடையுத்தரவு பெறட்டும். இன்று, தடையை நீக்கப் பிரஜை கோர்ட்டுக்கு ஓடுகிறான். நாளை, தடை வேண்டுமென்றால் சர்க்கார் ஓடட்டும்.

பார்லிமெண்டு வேலையைச் செய்யும் வரையில் தமிழ்நாட்டு சர்க்காரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. வாபஸ் என்று அறிவித்த வழக்குகளின் ஜாபிதாவைக் கோர்ட் வாரியாக வெளியிட்டு, ஒவ்வொன்றிலும் சர்க்கார் வக்கீலைக் கொண்டு மனுப் போட வைத்து, உத்தரவின் நகலைச் சம்பந்தப்பட்டவர் வீட்டுக்கு அனுப்ப அவர்களால் முடியும். 'மற்றும் பலர்' என்ற சொற்களால் யாரையும் பிற்பாடு இழுத்துச் சேர்க்கக் கூடாது என்று போலீஸாருக்குக் கண்டிப்பான உத்தரவும் போட முடியும்.

இந்தச் சட்டம் அன்னியர் விட்டுச் சென்றதன்று. நமது பிரதிநிதிகள் நமது பார்லிமெண்டில் கூடி, சுதந்திரத்துக்கு இருபது வருஷங்களுக்குப் பின் நிறைவேற்றியது. ஆகவே அன்னியர்மீது பழி போட்டுத் தப்பிக்க வழியில்லை. நாமே செய்ததை நாமே திருத்த வேண்டும். அடுத்த தேர்தலில் வோட்டுக் கேட்டு வரும் ஒவ்வொரு பார்லிமெண்டு அபேட்சகரையும் நேயர்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டுகிறோம்: "ஐயா, நிரபராதிக்குக் குற்றவாளியின் உரிமையையாவது வாங்கித் தருவீர்களா?" பதில் சொல்லாதவரை அடையாளங் கண்டுகொள்ளுங்கள்.